பக்கம் சந்தன நிறம், பெட்டி மட்டும் வெள்ளை: பதித்த ஐஃப்ரேமை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீணைப் பள்ளிக்கு நானே ஒரு சின்ன இணையதளம் செய்திருக்கிறேன். பின்னணி இளம் சந்தன நிறம். வகுப்பு நேரம் காட்டும் கூகுள் காலண்டர், சேர்க்கைக்கு ஒரு கூகுள் ஃபார்ம், பெற்றோர் எழுதுவதற்கு ஒரு கமென்ட் பெட்டி, இசைத் துணுக்குகளுக்கு ஒரு ஆடியோ பிளேயர் எல்லாம் பதித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வெள்ளைச் சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஐஃப்ரேமுக்குப் பின்னணி நிறம் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. டார்க் மோட் பொத்தான் வைத்த பிறகு இன்னும் மோசம், கமென்ட் பெட்டியில் எழுத்தே தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

பார்க்க ஒரே பிரச்சினை மாதிரி இருந்தாலும் உங்களிடம் இருப்பது நான்கு. காலண்டர் ஒரு காரணத்தால் வெள்ளை, ஃபார்ம் வேறு காரணத்தால் வெள்ளை, ஆடியோ பிளேயருக்கு இன்னொரு காரணம். கமென்ட் பெட்டி டார்க் மோடில் படுத்துகிற பாடு தனிக் கதை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் நிறம், அளவு முதலிய தோற்றத்தைச் சொல்லும் மொழி) தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பது யாருடைய சொத்து என்று முதலில் பாருங்கள். அது தெரிந்தால் எதற்கு மெனக்கெடலாம், எதை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும். (குறிமுறைச் சொற்களை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

நீங்கள் ஐஃப்ரேமுக்குக் கொடுத்த நிறம் உண்மையில் வேலை செய்தது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐஃப்ரேம் என்பது வேறொரு பக்கத்தை உங்கள் பக்கத்துக்குள் காட்டும் சட்டம், உங்கள் வீட்டுச் சுவரில் வெட்டிய ஜன்னல் மாதிரி. ஜன்னல் சட்டத்துக்கு என்ன பெயின்ட் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதன் வழியே தெரிகிற அடுத்த வீட்டுச் சுவருக்கு அடிக்க முடியாது. உங்கள் சந்தன நிறம் ஐஃப்ரேமின் அடியில் பூசப்பட்டது. உள்ளே வந்த பக்கம் அதன்மேல் தன் வெள்ளையைப் பூசிக்கொண்டது.

உள்ளே வருகிற பக்கம் தனக்கென்று பின்னணி எதுவும் சொல்லாவிட்டால் ஐஃப்ரேம் இயல்பாகவே ஊடுருவித் தெரியும், அடியில் உள்ள உங்கள் நிறமே காட்சி தரும். பழைய குறிப்புகளில் 'அலவ்-டிரான்ஸ்பரன்சி' என்று ஒரு பண்பைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 காலத்துச் சமாச்சாரம். இன்றைய பிரவுசர்களில் அதற்கு வேலை இல்லை. எங்காவது ஒட்டியிருந்தால் தூக்கி எறியுங்கள்.

வெளிப் பக்கத்தின் சிஎஸ்எஸ் உள்ளே போக முடியாதபடி தடுத்திருப்பது பிரவுசர்காரர்களின் பிடிவாதம் அல்ல. வேறு தளத்துப் பக்கத்துக்குள் நம் சிஎஸ்எஸ் நுழைய முடிந்தால், பணம் கட்டும் பெட்டியை யாரோ ஒருவர் தன் பக்கத்தில் பதித்து, தொகை இருக்கும் இடத்தை மறைத்து, எச்சரிக்கை வரியை வெள்ளையில் வெள்ளையாக ஆக்கி, பொத்தானை மட்டும் பளிச்சென்று விட்டுவைக்கலாம். அந்தச் சுவர் இருப்பது நமக்கும் நல்லதுதான். ஹெச்டிஎம்எல் 5 உருவான காலத்தில் 'சீம்லெஸ்' என்று ஒரு பண்பை முன்வைத்தார்கள். ஐஃப்ரேம் தையல் தெரியாமல் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது யோசனை. அது நிலைக்கவில்லை, பின்னால் விதிநூலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தையலை மறைக்கும் வேலை நம் தலையில்தான்.

சரி, கையில் எடுப்போம். பெட்டிக்குள் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போங்கள். ஐஃப்ரேம் என்ற டேக் தெரிகிறதா, ஷேடோ ரூட் என்ற வரி தெரிகிறதா, இரண்டும் இல்லாமல் வெறும் டிவ் (பக்கத்தின் ஒரு பகுதியைச் சுற்றிப் போடும் சாதாரண டேக்) மட்டும்தானா என்று பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. வெறும் டிவ் என்றால் உங்கள் சிஎஸ்எஸ்ஸே நேராகப் போய்ச் சேரும், ஷேடோ ரூட்டைப் பற்றி ஆடியோ பிளேயர் வரும்போது சொல்கிறேன். ஐஃப்ரேம் என்றால் உள்ளே இருக்கும் பாடி டேக்கைப் பிடித்து, அதன் பின்னணி வரியின் டிக்கை எடுத்துப் பாருங்கள். உங்கள் திரையில் மட்டும்தான் மாறும், ஆனால் 'ஊடுருவும்படி ஆக்க முடிந்தால் எப்படி இருக்கும்' என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். பல சமயம் அதைப் பார்த்ததுமே ஆசை விட்டுப்போகும். உள்ளே இருக்கும் சாம்பல் எழுத்து வெள்ளைக்காகத் தேர்ந்தெடுத்தது, சந்தனத்தின்மேல் சோகையாகத் தெரியும்.

இதைக் கணக்காகவே சொல்லலாம். இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு நிறத்தைக் குறிக்கும் மூன்று எண்களும் (0 முதல் 255 வரை) 118 ஆக இருக்கும் சாம்பல், வெள்ளைமேல் 4.54 வாங்கி மயிரிழையில் தேறும். அதே சாம்பலை 251, 246, 233 என்ற சந்தன நிறத்தின்மேல் வைத்தால் கிட்டத்தட்ட 4.2க்கு இறங்கிவிடும். பின்னணியைப் பொருத்திவிட்டோம் என்று நாம் சந்தோஷப்படும்போது, அறுபது வயதுத் தாத்தா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

உள்ளே இருக்கும் பக்கமும் உங்களுடையதே என்றால் இதெல்லாம் தொல்லையே இல்லை. ஹெச்டிஎம்எல், பாடி இரண்டிலும் பின்னணியை 'டிரான்ஸ்பரன்ட்' ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று குழம்புவார்கள். ஹெச்டிஎம்எல் டேக்கில் பின்னணி இல்லாவிட்டால் பாடியின் பின்னணியே முழுப் பரப்புக்கும் பரவும் என்பது சிஎஸ்எஸ்ஸின் பழைய விதி. பாடியில் இரண்டே வரி எழுத்து இருந்தாலும் சட்டம் முழுக்க வெள்ளையாவது அதனால்தான்.

இனி மற்றவர் சொத்து. இதில் நல்லவர்கள் ஒரு திருகு வைத்திருப்பார்கள், அதைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. 'நான் ரோபோ அல்ல' என்று டிக் செய்யச் சொல்லும் ரீகேப்ச்சாவுக்கு 'டேட்டா-தீம்' என்ற பண்பில் லைட் அல்லது டார்க் கொடுக்கலாம். இணையத்தில் பணம் வாங்கித் தரும் ரேசர்பேயின் செக்கவுட்டில் தீம் என்பதற்குள் நிறம் கொடுக்க இடம் உண்டு, கட்டணம் வாங்குகிற பள்ளி என்பதால் உங்களுக்கு என்றாவது உதவும். அதே வேலை செய்யும் ஸ்ட்ரைப் இதில் ஒரு படி மேலே. அட்டை எண் வாங்கும் பெட்டி ஐஃப்ரேமாக இருந்தாலும், பின்னணி நிறம், எழுத்து நிறம், முனை வளைவு என்று தனித்தனி மாறிகளாக நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு, உள்ளே தானே பூசிக்கொள்கிறது. சுவரை உடைக்காமல், 'உங்கள் வீட்டு நிறம் என்ன, சொல்லுங்கள்' என்று கேட்டு அடித்துக்கொள்வது மாதிரி. ஒரு பதிப்புப் பொருளை வடிவமைப்பவர் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

கூகுள் காலண்டருக்கும் ஒரு திருகு உண்டு, அரைத் திருகு. பதிக்கும் முகவரியில் 'பிஜி-கலர்' என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே உங்கள் நிறத்தைக் குறிக்கும் ஆறு இலக்க ஹெக்ஸ் எண்ணைப் போடலாம். முன்னால் வரும் # குறியை அப்படியே எழுதாதீர்கள், %23 என்று எழுத வேண்டும். இணைய முகவரியில் # வந்தால் அதற்குப் பிறகு வருவது சர்வருக்கே போகாது, பக்கத்துக்குள் எங்கே போய் நிற்க வேண்டும் என்ற குறிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். நிறமும் போகாது, அதற்குப் பின்னால் எழுதிய நேர மண்டலம் முதலியவையும் போகாது. 'நிறம் மாற்றினேன், காலண்டரே தப்பாகக் காட்டுகிறது' என்று புலம்புவதற்குப் பாதிக் காரணம் இந்த ஓர் எழுத்து. அரைத் திருகு என்றது ஏன் என்றால், இந்த நிறம் காலண்டரைச் சுற்றியுள்ள ஓரத்துக்குத்தான் வரும், நாள்கட்டங்கள் வெள்ளையாகவே நிற்கும். அது போதும் என்பேன். சந்தன ஓரமும் வெள்ளைக் கட்டமும் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஃபார்மிலும் அதே கதைதான். ஃபார்மைத் திருத்தும் பக்கத்தில் தீம் பகுதிக்குப் போனால் முதன்மை நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதிலிருந்து பிறந்த சில சாயல்களைப் பின்னணிக்குக் காட்டும். அங்கே தேர்ந்தெடுப்பது பதித்த இடத்திலும் வரும். உங்கள் சந்தனத்துக்கு நெருங்கிய ஒன்று கிடைக்கும், அச்சாக அதே கிடைக்காது. இங்கேதான் சிக்கல். முற்றிலும் வேறான இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். ஏறக்குறைய ஒன்றான இரண்டு நிறங்கள் ஒட்டி நின்றால் ஏதோ அழுக்குப் பட்டது போல இருக்கும். பொருந்தாத வெள்ளையைவிடப் பொருந்தப் பார்த்துத் தவறிய சந்தனம் அசிங்கம். அதனால் நெருங்கிய நிறத்தைப் போடுவதென்றால், ஃபார்மைச் சுற்றி மெல்லிய கோடோ, கொஞ்சம் இடைவெளியோ விட்டு இரண்டையும் பிரித்து வையுங்கள்.

ஃபார்மைப் பற்றி ஒரு கிளைக்கதை. சேர்க்கை விண்ணப்பம் நீளமானது என்றால் அதைப் பதிக்கவே வேண்டாம், ஒரு பொத்தான் வைத்து தனிப் பக்கமாகத் திறக்க விடுங்கள். ஃபோனில் பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரோல், அதற்குள் இன்னொரு ஸ்க்ரோல் என்று விரல் எதை நகர்த்துகிறது என்று தெரியாமல் பெற்றோர் பாதியில் விட்டுவிடுவார்கள். நிறப் பிரச்சினையும் அத்தோடு தீர்ந்தது.

திருகே இல்லாத பெட்டிகளுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஐஃப்ரேமுக்கு 'மிக்ஸ்-பிளெண்ட்-மோட்' என்ற பண்பில் 'மல்டிப்ளை' கொடுப்பது. பெயருக்கேற்ற மாதிரி பெருக்கல்தான். மேலே உள்ள நிறத்தின் ஒவ்வோர் எண்ணையும் அடியில் உள்ள நிறத்தின் எண்ணோடு பெருக்கி 255ஆல் வகுக்கும். மேலே வெள்ளை, அதாவது 255 என்றால், விடை அடியில் இருக்கும் நிறமே. மேலே கறுப்பு, அதாவது 0 என்றால், விடை கறுப்பு. ஆக வெள்ளை காணாமல் போகிறது, எழுத்து அப்படியே நிற்கிறது. உள்ளே ஒரு வரி கூட நாம் தொடவில்லை. பின்னணி ஒரே நிறமாக இல்லாமல் சாய்வு நிறமாகவோ கோலப் புள்ளி போட்டதாகவோ இருந்தாலும் பொருந்தும். நிறத்தை எண்ணிப் போட்டு ஒட்டுகிற எந்த வழியிலும் அது நடக்காது.

இதில் மூன்று பள்ளங்கள் உண்டு. உள்ளே இருப்பது சுத்த வெள்ளையாக இல்லாமல் 245 என்ற மங்கல் வெள்ளை என்றால், சந்தனத்தின் நீல எண்ணான 233, பெருக்கலில் 224 ஆகிவிடும். மெல்லிய நிழல் தெரியும். ஆகவே கண்ணால் யூகிக்காமல் இன்ஸ்பெக்டரின் நிறம் உறிஞ்சும் கருவியை வைத்து எண்ணைப் பார்த்துவிடுங்கள். அடுத்தது, உள்ளே புகைப்படம் இருந்தால் அதுவும் சந்தனத்தில் குளித்துவரும், முகங்கள் மஞ்சள் காமாலை கண்டது போலாகும். மூன்றாவதுதான் ஆட்களைப் பைத்தியம் பிடிக்க வைப்பது. ஐஃப்ரேமைச் சுற்றியுள்ள டிவ்வில் டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், 1க்குக் குறைந்த ஒப்பாசிட்டி (ஒளிபுகாத அளவு) என்று எதையாவது எழுதியிருந்தால், அது தனி அடுக்காகிவிடும். கலப்பு அந்த அடுக்குக்குள்ளேயே நின்றுவிடும், அதற்குக் கீழே இருக்கும் பக்கத்தின் நிறத்தைத் தொடாது. எல்லாம் சரியாக எழுதியும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். மெதுவாகத் தோன்றும் அனிமேஷன் போட்ட பக்கங்களில் இது அடிக்கடி நடக்கும். பின்னணி ஒரே நிறமாக இருந்தால் எளிய மருந்து, சுற்றியுள்ள அந்த டிவ்வுக்கே சந்தன நிறத்தைக் கொடுத்துவிடுவது. கலப்பதற்கு ஒரு நிறம் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

இனி ஆடியோ பிளேயர். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஐஃப்ரேம் இல்லை, ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்து, இடையில் கோடு போட்ட புதுப் பெயரில் ஒரு டேக் எழுதிப் பதித்திருப்பீர்கள். அது வெப் காம்பொனன்ட், உள்ளே ஷேடோ டாம் (வெளிப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸிலிருந்து பிரித்து வைத்த தனி உள்ளமைப்பு) இருக்கும். இங்கே சுவர் அவ்வளவு கனமில்லை. எழுத்துரு, எழுத்து நிறம் மாதிரி வழிவழியாக இறங்கி வரும் பண்புகள் சுவரைத் தாண்டி உள்ளே போகும். பின்னணி அப்படி இறங்குவதில்லை. இறங்க வேண்டிய தேவையும் இல்லை, அதன் இயல்பு நிலையே ஊடுருவித் தெரிவதுதான். வெள்ளையாக இருக்கிறது என்றால் செய்தவர் எங்கேயோ வெள்ளை என்று எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கே எழுதியிருக்கிறார் என்பதைப் பொறுத்து இருக்கிறது உங்கள் அதிர்ஷ்டம். வெளி உறைக்கான 'ஹோஸ்ட்' விதியில் எழுதியிருந்தால், உங்கள் சிஎஸ்எஸ்ஸில் அந்த டேக்கின் பெயரைப் போட்டுப் பின்னணியை 'டிரான்ஸ்பரன்ட்' என்று எழுதினால் போதும். அவர் இம்பார்ட்டன்ட் (மற்ற விதிகளை மீறச் செய்யும் குறி) போட்டு அடைத்திருந்தால் ஒழிய, வெளிப் பக்கத்து விதிதான் ஜெயிக்கும். இம்பார்ட்டன்ட் எல்லாம் நீங்கள் போடத் தேவையே இல்லை. உள்ளே இருக்கும் டிவ்வில் எழுதியிருந்தால் உங்கள் விதி போய்ச் சேராது. அப்போது இன்ஸ்பெக்டரில் அந்த டிவ்வின் பின்னணி வரியைப் பாருங்கள். 'வேர்' என்று ஆரம்பித்து, இரண்டு கோடு போட்ட ஒரு பெயர் இருந்தால் அதிர்ஷ்டம்தான். அது கஸ்டம் ப்ராப்பர்ட்டி, அதாவது செய்தவரே பெயர் வைத்த மாறி, சுவரைத் தாண்டும் வகை. உங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்குச் சந்தன நிறத்தைக் கொடுத்தால் உள்ளே நிறம் மாறும். 'பார்ட்' என்ற பண்பு தெரிந்தாலும் அதைப் பிடித்து வெளியிலிருந்து பூசலாம். இரண்டும் இல்லையென்றால் செய்தவர் கதவே வைக்கவில்லை, வேறு பிளேயர் பாருங்கள். இசை கேட்க வேறு நூறு வழி இருக்கிறது, பிரவுசரே தரும் ஆடியோ டேக் உட்பட.

டார்க் மோட். உங்கள் கமென்ட் பெட்டியில் எழுத்து மறைந்ததற்குக் காரணம் பெட்டிக்காரரும் இல்லை, நீங்களும் இல்லை. பிரவுசர் நல்லது செய்யப் போய் வந்த வினை. பயனரின் கருவி இருளில் இருக்கிறதா ஒளியில் இருக்கிறதா என்று பக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி 2019இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துவிட்டது. அதன் கூடப் பிறந்ததுதான் 'கலர்-ஸ்கீம்' என்ற பண்பு. 'என் பக்கம் இப்போது இருள் உடுத்தியிருக்கிறது' என்று பிரவுசரிடம் நாம் சொல்வது அது. சொன்னால் ஸ்க்ரோல்பார், உள்ளீட்டுப் பெட்டி எல்லாவற்றையும் பிரவுசரே இருட்டாக்கித் தரும். உங்கள் டார்க் மோட் பொத்தான் எங்காவது இந்த வரியை எழுதியிருக்கும்.

இந்தப் பண்பு வழிவழியாக இறங்கும் வகை. பக்கத்தின் உச்சியில் 'டார்க்' என்று எழுதினால் ஐஃப்ரேமுக்கும் அது வந்து சேரும். உள்ளே இருக்கும் பக்கம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது 'லைட்' ஆகக் கருதப்படும். வெளியே டார்க், உள்ளே லைட். இரண்டும் பொருந்தாதபோது பிரவுசர் என்ன செய்கிறது என்றால், ஐஃப்ரேமின் ஊடுருவும் தன்மையை ரத்து செய்து, உள்ளே இருக்கும் பக்கத்துக்கு அடியில் ஒளிபுகாத வெள்ளைத் தாள் ஒன்றை விரிக்கிறது. நல்ல எண்ணம்தான். தாள் இல்லாவிட்டால், பழைய பக்கத்தின் கறுப்பு எழுத்து உங்கள் கறுப்புப் பின்னணியில் விழுந்து ஒன்றும் தெரியாது.

இப்போது உங்கள் பெட்டியைப் பாருங்கள். அதற்கு டார்க் தீம் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதுவும் சமர்த்தாக எழுத்தை வெள்ளையாக்கி, பின்னணியை ஊடுருவ விட்டது. ஆனால் தன் கலர்-ஸ்கீமை அறிவிக்க மறந்துவிட்டது. பிரவுசர் அதை லைட் என்று நினைத்து வெள்ளைத் தாள் விரித்தது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. மாவு விற்கப் போனால் காற்று, உப்பு விற்கப் போனால் மழை என்கிற கதைதான்.

மருந்து ஒரே வரி. உங்கள் சிஎஸ்எஸ்ஸில் அந்த ஐஃப்ரேமுக்கு மட்டும் 'கலர்-ஸ்கீம்: லைட்' என்று எழுதுங்கள். டார்க் மோட் சரியாக வருவதற்கு லைட் என்று எழுதுவது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் நோக்கம் இருளோ ஒளியோ அல்ல, வெளியும் உள்ளும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னதும் தாள் சுருட்டப்படும், உங்கள் இருள் பின்னணி தெரியும், வெள்ளை எழுத்து அதன்மேல் பளிச்சென்று நிற்கும். பக்கத்தில் உள்ள எல்லா ஐஃப்ரேமுக்கும் இதைப் பொதுவாக எழுதிவிடாதீர்கள். டார்க் தீம் இல்லாத, ஊடுருவும் பின்னணி கொண்ட பெட்டி ஏதாவது இருந்தால் அங்கே கறுப்பின்மேல் கறுப்பாகிவிடும். பதித்த பக்கம் உங்களுடையது என்றால் இந்த வித்தையே வேண்டாம், அதன் தலைப்பகுதியில் 'கலர்-ஸ்கீம்' என்ற மெட்டா டேக்கைச் சேர்த்து முறையாக அறிவித்துவிடுங்கள்.

பொத்தானைப் பற்றியும் ஒன்று. பயனர் உங்கள் பொத்தானை அழுத்தினால் உங்கள் பக்கம் மாறும். உள்ளே இருக்கும் பெட்டியோ கருவியின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்வதாக இருக்கலாம். எல்லாப் பிரவுசரிலும் அது உங்கள் பொத்தானைப் பின்பற்றும் என்று நம்ப வேண்டாம். தீம் மாறியதை 'போஸ்ட்-மெசேஜ்' (ஒரு பக்கத்திலிருந்து ஐஃப்ரேமுக்குள் செய்தி அனுப்பும் வழி) வழியாக உள்ளே சொல்லும் வசதி பெட்டிக்கு இருக்கிறதா பாருங்கள். கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தின் விவாதங்களை வைத்து ஓடும் கிஸ்கஸ் மாதிரியான கமென்ட் பெட்டிகளில் உண்டு. அப்படி ஒன்றை நீங்களே எழுதினால், செய்தி எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று உள்ளே சரிபார்க்க மறக்காதீர்கள், யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம். லைட், டார்க் என்ற இரண்டு சொற்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், வந்த சிஎஸ்எஸ்ஸை அப்படியே பூசாதீர்கள். செய்தி அனுப்பும் வசதி இல்லாத பெட்டி என்றால், முகவரியில் தீமை மாற்றி மறுபடி ஏற்றலாம். ஆனால் யாராவது பாதி எழுதிக்கொண்டிருந்த கமென்ட் அதோடு போய்விடும். பொத்தானை அழுத்துகிறவர் பெரும்பாலும் எழுதும்போது கண் கூசித்தான் அழுத்துவார், நினைவிருக்கட்டும்.

டார்க் மோடில் காலண்டரை என்ன செய்வது? மல்டிப்ளை தந்திரம் இங்கே எடுபடாது, இருளோடு பெருக்கினால் எல்லாம் இருளாகிவிடும். அதனால் டார்க் மோடில் கலப்பை 'நார்மல்' என்று மாற்றிவிடுங்கள். ஐஃப்ரேமுக்கு ஃபில்டர் பண்பில் 'இன்வர்ட்' 0.9, கூடவே 'ஹ்யூ-ரொட்டேட்' 180 டிகிரி கொடுத்துப் பார்க்கலாம். வெள்ளை ஏறத்தாழ 26 என்ற கரும்சாம்பலாகும். நிறம் தலைகீழாகப் புரண்டதை 180 டிகிரி திருப்பல் கிட்டத்தட்டச் சரிசெய்துவிடும், நீல நிகழ்ச்சி நீலமாகவே இருக்கும். படமே இல்லாத காலண்டருக்கு இது நன்றாகப் பொருந்தும். தலைப்புப் படம் வைத்த ஃபார்முக்கோ, மனித முகம் வருகிற எதற்குமோ செய்யாதீர்கள், நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி பேய்க்கோலமாக இருக்கும்.

எதுவுமே சரிப்படாத பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன அமைப்பின் தளத்தில் டிக்கெட் பதிவுப் பெட்டி ஒன்றைப் பதித்தேன். அதன் மங்கல் நிறத்தை எண்ணி எடுத்து, பக்கத்தின் அந்தப் பகுதியையே அதே நிறத்துக்கு மாற்றி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தையலே தெரியாமல் ஆக்கினேன். அடுத்த மாதம் பெட்டிக்காரர்கள் சத்தமில்லாமல் தங்கள் நிறத்தை மாற்றிவிட்டார்கள். பக்கத்தின் நடுவில் காரணமே இல்லாத ஒரு சாம்பல் பட்டை நின்றது. அடுத்த வீட்டுக்காரர் பெயின்ட் அடிப்பதற்கு நம்மிடம் அனுமதி கேட்க மாட்டார். அன்றிலிருந்து அப்படிப்பட்ட பெட்டிகளை நான் மறைக்கப் பார்ப்பதில்லை, சட்டம் போட்டு மாட்டிவிடுகிறேன். சுற்றி ஒரு டிவ், அதற்கு வெள்ளைப் பின்னணி, நாலு பக்கமும் 16 பிக்சல் இடைவெளி, முனையில் கொஞ்சம் வளைவு, சந்தனத்தைவிட ஓரிரு படி அடர்ந்த மெல்லிய கோடு. வேண்டுமென்றே வைத்த அட்டை என்று பார்ப்பவருக்குத் தோன்றும். டார்க் மோடில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தினால் 'பிரைட்னஸ்' 0.88 என்று ஃபில்டர் கொடுத்து மட்டுப்படுத்தலாம்.

தையல் என்றால் நிறம் மட்டும் இல்லை. ஐஃப்ரேமுக்குப் பிரவுசர் தானாகவே 2 பிக்சல் கனத்தில் உட்குழிந்த ஓரம் ஒன்று போடும், 'பார்டர்' 0 என்று எழுதி எடுங்கள். நிறமெல்லாம் பொருந்திய பிறகும் அடியில் நாலைந்து பிக்சலுக்கு ஒரு பட்டை தெரிந்தால், ஐஃப்ரேம் எழுத்து வரியைப் போல நடத்தப்படுவதால் அடியில் விட்ட இடம் அது. 'டிஸ்ப்ளே: பிளாக்' எழுதினால் மறையும். உயரம் சொல்லாவிட்டால் 150 பிக்சலில் நின்றுவிடும். நீங்கள் யூடியூப் வீடியோவும் பதிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது பின்னணிப் பிரச்சினை இல்லை, அளவு 16க்கு 9 என்ற விகிதத்தில் இல்லாததுதான். 'ஆஸ்பெக்ட்-ரேஷியோ' கொடுத்தால் போய்விடும்.

கடைசியாக, டார்க் மோடில் பக்கம் திறந்ததும் ஒரு கணம் வெள்ளை மின்னல் அடிக்கும், கவனித்திருப்பீர்கள். பெட்டி தன் இருள் தீமை ஏற்றிக்கொள்வதற்கு முன்னால் காட்டும் வெற்று வெள்ளை அது. ஐஃப்ரேமின் ஒப்பாசிட்டியை 0 என்று வைத்து, பெட்டி ஏறி முடிந்ததைச் சொல்லும் 'லோட்' நிகழ்வு வந்ததும் 1 ஆக்கினால் பெரும்பாலும் தெரியாது. ஸ்கிரிப்ட் ஏதாவது காரணத்தால் ஓடாவிட்டால் பெட்டியே காணாமல் போய்விடும் என்பதால், அந்த 0ஐயும் ஸ்கிரிப்ட் வழியாகவே வையுங்கள், சிஎஸ்எஸ் கோப்பில் வைக்காதீர்கள்.

முதலில் கமென்ட் பெட்டியின் அந்த ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள், அதுதான் அவசரம். அதன் பிறகும் எழுத்து தெரியவில்லை என்றால், இன்ஸ்பெக்டரில் அந்த ஐஃப்ரேமின் கலர்-ஸ்கீம் என்னவென்று காட்டுகிறது, உள்ளே இருக்கும் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் டேக்கில் என்ன காட்டுகிறது, இந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.